உலகக் கோப்பைக்கு ஊர் தேர்ந்தெடுப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி கால்பந்து ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கால்பந்து பழகும் பிள்ளைகளும், விடியற்காலையில் அவர்களை மைதானத்துக்கு அழைத்து வரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஒரு நகரத்துக்குப் போட்டியை ஒப்படைக்கும் முன், கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் அந்த மைதானத்தில் யார் விளையாடப் போகிறார்கள் என்று கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அந்தக் கண்ணோட்டம் எல்லாப் பதில்களிலும் தெரியும்.

போட்டி எந்த நகரத்தில் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் நாடு, அடுத்துதான் நகரம். உலகக் கோப்பையை நடத்த விரும்பும் நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பு, எந்தெந்த ஊர்களில் நடத்தலாம் என்ற பட்டியலோடு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடம் விண்ணப்பிக்கும். உறுப்பு நாடுகள் கூடி நாட்டை முடிவு செய்யும். பிறகு ஃபிஃபாவின் ஆய்வுக் குழு ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பட்டியலைச் சுருக்கும்.

2026 போட்டியையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜூன் 13 அன்று மாஸ்கோவில் நடந்த வாக்கெடுப்பில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கூட்டணிக்கு 134 வாக்குகள், மொராக்கோவுக்கு 65. அந்தக் கூட்டணியின் விண்ணப்பத்தில் 23 நகரங்கள் இருந்தன. அவற்றைச் சலித்து 16 ஆக்க நான்கு ஆண்டுகள் ஆயின. 2022 ஜூன் 16 அன்றுதான் இறுதிப் பட்டியல் வந்தது: அமெரிக்காவில் 11, மெக்சிகோவில் 3, கனடாவில் 2. அணிகள் 48, ஆட்டங்கள் 104 என்று ஆகிவிட்டதால் இத்தனை ஊர்கள் தேவைப்பட்டன. 1930இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் 13 அணிகள்தான். உருகுவே நாட்டின் தலைநகர் மான்டிவிடியோவில் இருந்த மூன்று மைதானங்களிலேயே மொத்தப் போட்டியும் முடிந்துவிட்டது.

மைதானத்துக்கு என்னென்ன நிபந்தனைகள்?

ஆடுதளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். குழுச் சுற்று ஆட்டங்களுக்குக் குறைந்தது 40,000 இருக்கைகள், அரையிறுதிக்கு 60,000, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் 80,000. கனடாவின் டொரன்டோ மைதானம் இந்தக் கணக்கில் சிறியது. அங்கே தற்காலிக இருக்கைகளைப் போட்டுத்தான் எண்ணிக்கையை நிரப்பினார்கள். மைதானத்தின் மீது எந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகையும் தெரியக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. நிறுவனங்களின் பெயரைத் தாங்கிய அமெரிக்க மைதானங்கள் எல்லாம் போட்டிக் காலத்தில் ஊர்ப் பெயரால் மட்டுமே அழைக்கப்படுவது அதனால்தான்.

எங்கள் பள்ளி மைதானமும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்படியானால் அது சர்வதேசத் தரமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனை மனதாரப் பாராட்டுகிறேன். அளந்து பார்த்திருக்கிறான்.

கோடு போடும் இடம் மட்டும் போதாது. கோட்டுக்கு வெளியே வீரர்கள் ஓடி நிற்க, உடலைச் சூடாக்கிக்கொள்ள, மாற்று வீரர்கள் உட்கார இடம் வேண்டும். அதையும் சேர்த்து 125 மீட்டருக்கு 85 மீட்டர் சமதளம் இருப்பது நல்லது என்று ஃபிஃபாவின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் அந்த இடத்தில்தான் நீளம் தாண்டும் குழியும் கைப்பந்துக் கம்பமும் இருக்கும்.

அளவைவிடப் பெரிய சிக்கல் தரை. எந்தப் பள்ளி மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று பாருங்கள். ஆறடி அகலத்துக்குப் புல் பூண்டே இருக்காது. கோல்கீப்பர் நின்று நின்று தேய்ந்து, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளமாகவும், மாசி பிறந்துவிட்டால் இறுகிய செம்மண்ணாகவும் ஆகிவிடும். அந்த மண்ணில் பாய்ந்து பந்தைப் பிடித்த பிள்ளையின் முழங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தரம் என்பது காகிதத்தில் எழுதும் அளவில் மட்டும் இல்லை என்று. ஒரே திடலில் காலையில் நடைப்பயிற்சி, பகலில் உடற்கல்வி வகுப்பு, மாலையில் கிரிக்கெட், விடுமுறையில் கண்காட்சி என்று நடந்தால் புல் எப்போதுதான் முளைக்கும்? புல்லுக்கும் ஓய்வு தேவை.

செயற்கைப் புல் போட்டுவிட்டால் என்ன? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்கள் வந்துவிட்டனவே?

வேலை முடிந்து மாலையில் நண்பர்களோடு ஐந்து பேர், ஏழு பேர் என ஆடுவதற்கு அவை போதும். கால்பந்தைத் தொட்டே பார்க்காத பலரை ஆட்டத்துக்குள் கொண்டுவந்த நல்ல காரியத்தை அவை செய்திருக்கின்றன. ஆனால் உலகக் கோப்பை அளவில் வீரர்கள் அதை விரும்புவதில்லை. 2015இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை முழுவதும் செயற்கைப் புல்லில் நடத்தப்பட்டது. ஆண்களுக்கு இயற்கைப் புல், எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக்கா என்று கேட்டு, ஏபி வாம்பாக் உள்ளிட்ட முன்னணி வீராங்கனைகள் முந்தைய ஆண்டே சட்டப்படி புகார் கொடுத்தார்கள். அது பிறகு திரும்பப் பெறப்பட்டாலும், அவர்கள் எழுப்பிய கேள்வி முழுக்க நியாயமானது.

2026இல் தேர்வான அமெரிக்க மைதானங்கள் பல, அந்த நாட்டு ஃபுட்பாலுக்காகக் கட்டப்பட்டவை. அந்த ஆட்டத்தின் களம் 49 மீட்டர் அகலம்தான். நம் கால்பந்துக்கு 68 மீட்டர் வேண்டும் என்பதால் சில மைதானங்களில் மூலை இருக்கைகளைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. செயற்கைப் புல் இருந்த இடங்களில் எல்லாம் இயற்கைப் புல்லைக் கொண்டுவர வேண்டும் என்பதும் நிபந்தனை. கூரை மூடிய மைதானத்துக்குள் வெயில் எங்கிருந்து வரும்? அதற்காக மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் டென்னசி பல்கலைக்கழகமும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்தன. நிழலில் தாங்கும் புல் வகை, வெளியே வளர்த்துச் சுருட்டிக் கொண்டுவரும் முறை, செயற்கை ஒளி விளக்கு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இது புதிதும் இல்லை. 1994 உலகக் கோப்பையின்போது டெட்ராய்ட் அருகே பான்டியாக் நகரின் மூடிய மைதானத்துக்கு, அறுகோணத் தட்டுகளில் புல் வளர்த்து உள்ளே அடுக்கிக் காட்டியவர்கள் அவர்கள்.

அவசரமாகப் புல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா போட்டியின் 2024 தொடக்க ஆட்டம் அட்லான்டாவில் நடந்தது. செயற்கைத் தரையின் மேல் சில நாட்களுக்கு முன்புதான் புல் விரிக்கப்பட்டிருந்தது. வென்ற அணியான அர்ஜென்டினாவே ஆட்டம் முடிந்ததும் தரையைப் பற்றிக் கடுமையாகக் குறை சொன்னது.

நமக்குப் பயன்படும் தகவல் ஒன்று: வெப்பமான ஊர்களின் கால்பந்து மைதானங்களில் போடப்படும் பெர்முடா புல், நம் வயல் வரப்பில் தானாக முளைக்கும் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். வெயிலைத் தாங்கும், மிதிபட்டாலும் மீண்டும் துளிர்க்கும். நம் மண்ணுக்கு அந்நியமான பொருள் எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. தண்ணீர்தான் கேள்வி. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து, குடிப்பதற்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. குடிநீரைப் புல்லுக்கு ஊற்றுங்கள் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். சுத்திகரித்த கழிவுநீரைத் திடலுக்குத் திருப்பும் ஏற்பாட்டோடு சேர்த்துத்தான் புல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

மைதானம் நன்றாக இருந்தால் போதாதா? நகரத்தில் வேறு என்ன பார்க்கிறார்கள்?

கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் மேடையை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. சமையற்கட்டு, தண்ணீர், வண்டி நிறுத்த இடம், பந்தி நடக்கும் கூடம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என்று எல்லாம் பார்க்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு அணிக்கும் தனி ஓட்டல், தனிப் பயிற்சித் திடல், நடுவர்களுக்கு வேறு இடம், இரவிலும் விமானம் இறங்கும் வசதி, அவசர சிகிச்சைக்கு மருத்துவமனை, பல்லாயிரம் பேரை ஓரிரு மணி நேரத்தில் வெளியேற்றும் போக்குவரத்து. என் அனுபவத்தில் பெரும்பாலோர் மறந்துவிடுவது பயிற்சித் திடலைத்தான். ஆட்டம் நடக்கும் மைதானம் ஒன்று என்றால், அதே தரத்தில் புல் உள்ள பயிற்சித் திடல்கள் சுற்றிலும் பல வேண்டும். ஒரே ஒரு பிரம்மாண்ட அரங்கம் கட்டினால் உலகக் கோப்பை வந்துவிடும் என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பாஸ்டன் ஆட்டங்கள் பாஸ்டனிலேயே இல்லை, நியூயார்க் ஆட்டங்கள் நியூஜெர்சியில் என்கிறார்கள். அப்படியானால் ஓசூரில் மைதானம் கட்டி பெங்களூரு பெயரில் நடத்தலாமே?

கேட்டவர் ஓசூர்க்காரர். நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

தகவல் சரிதான். பாஸ்டன் என்று பட்டியலில் இருக்கும் மைதானம் ஃபாக்ஸ்பரோ என்ற சிற்றூரில், பாஸ்டனிலிருந்து சுமார் 45 கி.மீ. தள்ளி இருக்கிறது. இறுதி ஆட்டத்துக்குத் தேர்வான மைதானம் ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சி மாநிலத்தின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இருக்கிறது. டல்லாஸ் ஆட்டங்கள் ஆர்லிங்டனில், சான்பிரான்சிஸ்கோ ஆட்டங்கள் சான்டா கிளாராவில். ஓசூரும் பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ.தான். தூரம் தடையே இல்லை. மாநில எல்லையும் தடை இல்லை என்பதை நியூஜெர்சி காட்டுகிறது.

தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பெங்களூரு விமான நிலையம் நகரத்தின் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, ஓசூர் தெற்கே. மொத்த நகரத்தையும் கடந்து அணிகள் வந்துபோக வேண்டும். அத்திப்பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை வண்டிகள் நிற்கும் வரிசையை நம்மில் யார் பார்த்ததில்லை? மெட்ரோ 2025 ஆகஸ்டில்தான் பொம்மசந்திரா வரை வந்திருக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. அது உருவானால் கணக்கு ஓரளவு மாறும்.

ஆனாலும் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. ஃபாக்ஸ்பரோவில் அமெரிக்க ஃபுட்பால் அணியும் கால்பந்து அணியும் ஆண்டுதோறும் ஆடுகின்றன. கூட்டம் வருகிறது. ஓசூரில் 40,000 இருக்கை போட்டால், போட்டி முடிந்த பிறகு எந்த அணி அதை நிரப்பும்? இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து அணி வைத்திருக்கும் பெங்களூரிலேயே கண்டீரவா மைதானம் சுமார் 25,000 இருக்கைதான். ஓசூர் இளைஞர்களுக்குத் தேவை நான்கு நல்ல திடல்கள். ஒரு பெரிய காலி அரங்கத்துக்காக அவற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது.

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ சர்வதேசப் போட்டி நடக்க வாய்ப்பே இல்லையா?

உலகக் கோப்பை ஆட்டம் நடக்காது. பிள்ளைகளிடம் பொய் ஆசை காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்னும் ரயில் நிலையமே கிடையாது. பல தலைமுறைகளின் கோரிக்கை அது. சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் சந்திக்கும் இடமாக இருப்பது பஸ் பயணிகளுக்கு வரம்தான், ஆனால் நாற்பத்தெட்டு அணிகளையும் அவர்களின் ரசிகர்களையும் அது தாங்காது.

மாநில அளவிலான வயது வாரிப் போட்டிகள், பல்கலைக்கழகப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை ஆட்டங்கள் ஆகியவற்றுக்கு நாம் முழுத் தகுதி உடையவர்கள் ஆகலாம். பெங்களூரை விட வாடகை குறைவு, மூன்று திசையிலும் சாலை, மார்கழியில் நல்ல குளிர். ஒரு பெரிய அணி பயிற்சி முகாம் போட ஏற்ற பருவநிலை தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் இருக்கிறது. இல்லாதது முறையான புல்திடல்.

இந்தியாவில் இப்படி நகரம் தேர்ந்தெடுத்துப் போட்டி நடத்தியது உண்டா?

உண்டு. 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. புதுடெல்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவாஹாட்டி, கொல்கத்தா என்று ஆறு நகரங்கள். பார்க்க வந்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். அந்த வயதுப் பிரிவில் அதுவரை எந்த நாடும் காணாத கூட்டம். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து 5–2 என்று ஸ்பெயினை வென்றபோது கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 66,000 பேருக்கு மேல் இருந்தார்கள். டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்டது ஃபிஃபா உலகக் கோப்பைகளில் இந்தியாவின் முதல் கோல். அந்த நொடியை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

நகரத் தேர்வின் பாடங்களும் அந்தப் போட்டியிலேயே கிடைத்தன. இங்கிலாந்து, பிரேசில் அரையிறுதி குவாஹாட்டியில் நடப்பதாக இருந்தது. மழையில் தரை கெட்டுவிட்டதால் கடைசி நேரத்தில் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அசாம் ரசிகர்கள் மாதக்கணக்கில் காத்திருந்த ஆட்டம் கைநழுவிப் போனது. வடிகால் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய அரங்கமும் வீண். கொச்சியில் பாதுகாப்புக்காக இருக்கைகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள், மைதான வளாகத்தில் இருந்த கடைகளையும் காலி செய்யச் சொன்னார்கள். நமக்கு அருகில் நடந்தது கொச்சி ஆட்டங்கள்தான். சேலத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம்.

2022இல் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை புவனேஸ்வர், கோவா, நவி மும்பை ஆகிய மூன்று ஊர்களில் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா தடை செய்ததால் போட்டியே பறிபோகும் நிலை. அதே ஆகஸ்ட் மாதத்தில் தடை நீங்கியதால் தப்பித்தோம்.

தமிழ்நாட்டுக்கு ஏன் ஒரு ஆட்டம்கூட வரவில்லை? நம்மிடம் வசதி இல்லையா?

சென்னை நேரு விளையாட்டரங்கம் 1993 முதல் இருக்கிறது, சுமார் 40,000 பேர் உட்காரலாம். ஆனால் அது தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டிய அரங்கம். ஓட்டப் பாதை நடுவில் வருவதால் ரசிகர் களத்திலிருந்து தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. தனிக் கால்பந்து அரங்கம் என்று ஒன்று தமிழ்நாட்டில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நம் மாநிலம் சர்வதேசப் போட்டி நடத்தத் தெரியாதது இல்லை. 2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள் வந்தன. தலைநகரோடு நிற்காமல் மதுரைக்கும் புதிய ஹாக்கித் திடல் கிடைத்தது. இரண்டாவது ஊரைச் சேர்த்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. அந்தத் திடலில் இனி மதுரைப் பிள்ளைகள் ஆடுவார்கள்.

போட்டி முடிந்த பிறகு அந்த மைதானங்கள் என்ன ஆகின்றன?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் தலையானது என்று நினைக்கிறேன்.

பிரேசில் 2014இல் 12 நகரங்களில் போட்டியை நடத்தியது. அமேசான் காட்டின் நடுவே இருக்கும் மனாஸ் நகரில் 40,000க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஓர் அரங்கம் எழுந்தது. அங்கே நடந்தவை நான்கே நான்கு உலகக் கோப்பை ஆட்டங்கள். அந்த ஊரில் முதல்தர அணி எதுவும் அப்போது இல்லை. தலைநகர் பிரசிலியாவில் கட்டியது அந்தப் போட்டியிலேயே அதிகச் செலவு பிடித்த மைதானம். அடுத்த ஆண்டே அதன் வளாகத்தைப் பஸ்கள் நிறுத்தும் இடமாகப் பயன்படுத்தினார்கள். 2010 போட்டிக்காகக் கட்டிய தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மைதானம் நகராட்சிக்குப் பல ஆண்டுகள் பராமரிப்புச் சுமையாக இருந்து, பிறகு ரக்பி அணி குடிவந்ததால் மூச்சுவிட்டது.

யோசித்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ரஷ்யாவின் எகடெரின்பர்க் மைதானத்தில் பழைய கட்டடத்தின் முகப்பை இடிக்காமல், கூடுதல் இருக்கைகளை வெளிச் சுவரைத் தாண்டித் தற்காலிகச் சாரமாக நிறுத்தினார்கள். பார்க்க விசித்திரமாக இருந்தது, படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். கத்தாரின் 974 மைதானம் கப்பல் சரக்குப் பெட்டிகளால், பிரித்தெடுக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. ஜெர்மனி 2006இல் பயன்படுத்திய மைதானங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஒரு கழகம் வாரந்தோறும் ஆடிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் முறை. முதலில் அணி, பிறகு கூட்டம், கடைசியில் அரங்கம்.

செலவு யார் தலையில் விழுகிறது?

டிக்கெட், தொலைக்காட்சி உரிமை, விளம்பரம் மூன்றிலும் வரும் பெரும் வருமானம் ஃபிஃபாவுக்குப் போகிறது. காவல், போக்குவரத்து, துப்புரவு, ரசிகர்கள் கூடித் திரையில் ஆட்டம் பார்க்கும் திடல் போன்ற செலவுகள் நகரத்தின் பொறுப்பு. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 2018இல் சிகாகோ, மினியாபொலிஸ், வான்கூவர் நகரங்கள் விலகிக்கொண்டன. வரி கட்டுவோருக்கு எவ்வளவு சுமை வரும் என்று தெளிவாகச் சொல்ல முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம் என்றது சிகாகோ. வான்கூவர் மனம் மாறி 2022இல் திரும்பி வந்தது. மான்ட்ரியல் 2021இல் விலகியது. பின்வாங்கிய நகரங்களைக் கோழைகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள் அவர்கள்.

பிரேசிலில் 2013 ஜூனில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியபோது, எங்களுக்கும் ஃபிஃபா தரத்தில் மருத்துவமனையும் பள்ளியும் வேண்டும் என்று பதாகை பிடித்தார்கள். கால்பந்தை உயிராக நேசிக்கும் மக்கள் அப்படிக் கேட்டார்கள்.

மைதானம் கட்டும் தொழிலாளர்களின் நிலையை ஃபிஃபா பார்ப்பதில்லையா?

கத்தார் 2010 டிசம்பர் 2 அன்று தேர்வானது. கடைசியில் அங்கே பயன்படுத்திய எட்டு மைதானங்களில் ஏழு புதிதாக எழுந்தவை. கட்டியவர்கள் நேபாளம், வங்கதேசம், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து போனவர்கள். வெயிலில் எத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. உலகம் முழுக்க எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாத விதி 2020இல் தளர்ந்தது. ஜூன் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை என்ற விதி 2021இல் வந்தது. இவையெல்லாம் தேர்வுக்கு முன்பே நிபந்தனையாக இருந்திருக்க வேண்டும்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். என்னிடம் பயிற்சி பெறும் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் கம்பி கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் வேலை செய்கிறவர்கள். ஆகவே இது எங்கோ நடந்த செய்தி என்று எனக்குத் தோன்றுவதில்லை. 2034 போட்டி சவூதி அரேபியாவுக்கு 2024 டிசம்பர் 11 அன்று வழங்கப்பட்டது. 15 மைதானங்கள் அவர்கள் திட்டத்தில் இருந்தன, பெரும்பாலானவை இனிமேல் கட்டி முடிக்க வேண்டியவை. அங்கே வேலைக்குப் போகிறவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருப்பார்கள்.

வெயிலையும் மழையையும் கணக்கில் எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள், ஆனால் போதாது. கத்தார் போட்டியை நவம்பர், டிசம்பருக்குத் தள்ளினார்கள். 2026க்கு ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை என்று அறிவித்தார்கள். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே மூச்சு வாங்குவதே தனிச் சவால். அதன் அஸ்டெக்கா மைதானம் 1970, 1986, 2026 என மூன்று உலகக் கோப்பைகளுக்குத் தேர்வான ஒரே மைதானம்.

ஆட்ட நேரத்தை எப்படி வைக்கிறார்கள்? நமக்கு எப்போதும் நள்ளிரவாகவே இருக்கிறதே?

ஐரோப்பியத் தொலைக்காட்சி ரசிகர்களைப் பார்த்து வைக்கிறார்கள். 2026 இறுதி ஆட்டத்துக்குக் குறித்தது நியூயார்க் நேரம் ஜூலை 19 பிற்பகல் 3 மணி. அது நமக்கு ஜூலை 20 அதிகாலை 12.30.

கூட்ட நெரிசலைத் தடுக்க நகரத் தேர்வின்போதே எதையாவது பார்க்கிறார்களா? 2025இல் பெங்களூரில் நடந்ததைப் பார்த்த பிறகு பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி கிரிக்கெட் மைதான வாசலில் 11 பேர் இறந்தார்கள். அன்று நம் மாவட்டங்களிலிருந்தும் பல இளைஞர்கள் காலையிலேயே பஸ் ஏறிப் போயிருந்தார்கள். ஆட்டம் எதுவும் நடக்காத நாள் அது, ஐ.பி.எல். கோப்பை வென்ற பெங்களூரு அணியின் கொண்டாட்டம் மட்டுமே. வாசலில் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணாததுதான் உயிர்களைக் குடித்தது.

கால்பந்து இந்தப் பாடத்தைப் பலமுறை ரத்தத்தால் படித்திருக்கிறது. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேர் மாண்டார்கள். அதன் பிறகே நின்று பார்க்கும் மாடங்கள் ஒழிந்து, எல்லோருக்கும் இருக்கை என்ற விதி அந்த நாட்டின் பெரிய மைதானங்களுக்கு வந்தது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் போலீசார் கண்ணீர்ப்புகை வீச, வெளியேறும் வாசல்களில் சிக்கி 135 பேர் இறந்தார்கள். பணக்கார நாடு என்பதால் தப்பிவிட முடியாது: 2024இல் மியாமியில் கோபா அமெரிக்கா இறுதி ஆட்டத்தன்று டிக்கெட் இல்லாதவர்கள் வாசலை உடைத்து நுழைந்ததால் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. அதே மியாமி 2026 பட்டியலிலும் இருக்கிறது.

ஆய்வுக் குழு இப்போது வாசல்களின் அகலம், வெளியேறும் நேரம், வெளி வளையத்தில் டிக்கெட் சோதனை எல்லாவற்றையும் கேட்கிறது. பெற்றோருக்கு நான் சொல்வது: இருக்கை எண்ணோடு டிக்கெட் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். இலவச நுழைவு என்று அறிவித்த எந்த விழாவுக்கும் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

எங்கள் ஊரில் மாவட்ட அளவில் பெண்கள் போட்டி நடத்த விரும்புகிறோம். எந்த ஊரில் வைப்பது என்று எப்படி முடிவு செய்வது?

இதுவரை சொன்னதெல்லாம் சிறிய அளவில் உங்களுக்கும் பொருந்தும். போட்டி நடத்தும் ஊரை முடிவு செய்யும் முன் அந்தத் திடலுக்கு மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். உடை மாற்றப் பூட்டு உள்ள அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாத திடலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எத்தனையோ பெண் பிள்ளைகள் இந்த ஒரு காரணத்தால்தான் இரண்டாம் ஆண்டு வராமல் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே பெண்கள் அணி இருந்தால் அந்த ஊருக்கு முன்னுரிமை கொடுங்கள். நீங்கள் போடும் சுண்ணாம்புக் கோடும் புதிய வலையும் அவர்களுக்கு ஆண்டு முழுக்கப் பயன்படும். அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம், 108 ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு எழுதி வையுங்கள். பங்குனி, சித்திரையில் என்றால் காலை பத்து மணிக்குள் ஓர் ஆட்டம், மாலை நாலரைக்கு மேல் ஓர் ஆட்டம் என்று பிரியுங்கள்.

கடைசி ஆட்டத்தின் நேரத்தைக் குறிக்கும் முன் பஸ் நிலையத்துக்குப் போய், பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போகும் கடைசி பஸ் எப்போது என்று விசாரியுங்கள். பரிசளிப்பு விழா அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.